1ஈ3 என்ற கூடை 1000 ஆன கதை: ஒரு பூக்கடைக் கணக்கை எஸ்கியூலைட்டிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றிய அனுபவம்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமாவுக்குக் கமிஷன் கடை. விவசாயி கூடையைக் கொண்டுவந்து இறக்குவார். கடையில் எடை போட்டு, அன்றைய விலைக்கு விற்று, கமிஷனைக் கழித்து, மீதியை அவர் பெயரில் வரவு வைப்பார்கள். இந்தக் கணக்குக்காக 5 வருடத்துக்கு முன்பு பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரே கம்ப்யூட்டர் என்பதால் எல்லாம் எஸ்கியூலைட் என்ற, ஒரே கோப்பாக இருக்கும் டேட்டாபேஸுக்குள் அடங்கிவிட்டது. இந்த வருடம் கடைக்கு இரண்டாவது தராசும் இரண்டாவது கம்ப்யூட்டரும் வந்தன. இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் பில் போட வேண்டும். சரி, பல கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய சர்வர் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்கு மாறிவிடலாம் என்று இறங்கினேன்.

டேபிள்கள் மொத்தமே ஒன்பது. சனி, ஞாயிறில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலைக்கு மூன்று வாரம் ஆனது. புதிதாக நிரல் எழுதிய நேரம் அதில் குறைவு. பைத்தானில் இருக்கும் ஒரு மதிப்பு டேட்டாபேஸுக்குள் போகும்போது என்னவாகிறது, திரும்பி வரும்போது என்னவாக வருகிறது என்று தேடியதில்தான் நாட்கள் போயின. பிழைச்செய்தி காட்டி நின்ற இடங்கள் எனக்குத் தொல்லை தரவில்லை, அவற்றை உடனே சரிசெய்ய முடிந்தது. சத்தமே இல்லாமல் மாறிப்போனவைதான் தொல்லை. அவற்றைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் செய்த ஒரு காரியம், மற்ற எல்லாவற்றையும்விட உதவியது. எஸ்கியூலைட்டில் 'டைப்ஆஃப்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஒரு கட்டத்துக்குள் உண்மையில் எந்த வகை மதிப்பு உட்கார்ந்திருக்கிறது என்று அது சொல்லும். ஒவ்வொரு டேபிளிலும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இந்த ஃபங்ஷனைப் போட்டு, வகைவாரியாக எத்தனை வரி என்று எண்ணி அச்சடித்தேன். எஸ்கியூலைட் மற்ற டேட்டாபேஸ்கள் போல நெடுவரிசைக்கு டைப்பைக் கட்டிப்போடுவதில்லை. டைப் என்பது மதிப்போடு ஒட்டியது. நல் (மதிப்பே இல்லை), முழு எண், தசம எண், எழுத்து, பிளாப் (மூல பைட்டுகள்) என்ற ஐந்தில் எதுவும் எந்த நெடுவரிசையிலும் உட்காரலாம். டேபிள் உருவாக்கும்போது நாம் எழுதும் டைப், இந்தப் பக்கமாகச் சாய்ந்துகொள் என்ற பரிந்துரைதான். 2021-இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து 'ஸ்டிரிக்ட்' என்று சொல்லி டேபிள் உருவாக்கினால் கறாராக இருக்கும். என் டேபிள்களில் அது இல்லை.

அச்சடித்த பட்டியலில் விவசாயி டேபிளைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். 'கூடைக் குறி' என்ற நெடுவரிசையில் பாதிக்கு மேல் முழு எண் என்று காட்டியது. கூடைக் குறியில் எண்ணும் எழுத்தும் கலந்துதான் வரும். முதலில் வேன் எண், நடுவில் ஊருக்கு ஓர் ஆங்கில எழுத்து, கடைசியில் விவசாயியின் வரிசை எண். 4பி7, 1ஈ3 என்று கூடையின் விளிம்பில் பெயின்டால் எழுதியிருப்பார்கள். கடைக்கே நேராகக் கொண்டுவருகிறவர்களுக்கு எழுத்து கிடையாது, 012, 045 என்று மூன்று இலக்கம்.

டேபிள் உருவாக்கும்போது அந்த நெடுவரிசைக்கு 'ஸ்டிரிங்' என்று டைப் கொடுத்திருந்தேன். பைத்தான்காரனுக்கு அது எழுத்து என்றுதான் படும். எஸ்கியூலைட் அந்த வார்த்தையை அப்படிப் புரிந்துகொள்வதில்லை. டைப்பின் பெயருக்குள் 'இன்ட்' என்ற துண்டு இருந்தால் முழு எண். 'கேர்', 'கிளாப்', 'டெக்ஸ்ட்' இவற்றில் ஒன்று இருந்தால் எழுத்து. 'பிளாப்' இருந்தாலோ டைப்பே எழுதாமல் விட்டாலோ வந்தது வந்தபடி. 'ரியல்', 'ஃப்ளோ', 'டப்' இருந்தால் தசமம். எதுவுமே இல்லையென்றால் நியூமெரிக். 'ஸ்டிரிங்' இந்தக் கடைசி வகையில் விழுகிறது. நியூமெரிக் நெடுவரிசைக்குள், எண் போலத் தோன்றும் எழுத்தைப் போட்டால் அது எண்ணாக மாற்றப்பட்டு உள்ளே போகும். 012 என்பது 12 ஆகிவிட்டது. முன்னால் இருந்த பூஜ்யம் போனாலும் எல்லாரும் மூன்று இலக்கம் என்பதால் அதைத் திரும்ப ஒட்டிவிடலாம்.

1ஈ3-ஐ அப்படி மீட்க முடியாது. எண்ணுக்கு நடுவே ஆங்கில ஈ வந்தால் கம்ப்யூட்டருக்கு அது பத்தின் அடுக்கு. 1ஈ3 என்றால் 1 பெருக்கல் பத்தின் 3-ஆம் அடுக்கு, அதாவது 1000. கோப்புக்குள் 1000 என்ற முழு எண்தான் இருந்தது. பத்தாவது வேனில் அதே ஊரிலிருந்து வரும் இரண்டாவது விவசாயியின் குறி 10ஈ2. 10 பெருக்கல் 100. அவரும் 1000.

ஐந்து வருடம் இது எப்படி ஒருவர் கண்ணிலும் படவில்லை? தேடும்போதும் எஸ்கியூலைட் அதே மாற்றத்தைச் செய்கிறது. 1ஈ3 என்று தட்டித் தேடினால், நெடுவரிசை நியூமெரிக் என்பதால் தேடும் சொல்லையும் எண்ணாக்கி 1000-உடன் ஒப்பிடும். சரியான பெயர் திரையில் வந்துவிடும். போகும்போது ஒரு மாற்றம், தேடும்போது அதே மாற்றம், இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. பத்தாவது வேன் இந்த மல்லி சீசனில்தான் புதிதாக வந்தது. அதன் பிறகு 10ஈ2 என்று தேடினால் விடையில் இரண்டு பேர் வந்திருப்பார்கள், என் நிரல் முதல் ஆளை மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டாமவர் நான்கு நாள் போட்ட பூ முதலாமவர் கணக்கில் ஏறியிருந்தது. கடைப்பையனிடம் கேட்டேன். அந்த இரண்டாமவர் ஒருநாள் போனில் பாக்கியைக் கேட்டதாகவும், கம்ப்யூட்டரைப் பார்த்து 'கணக்கில் ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கோப்புக்குள் இழந்த தகவலைக் கோப்பிலிருந்து மீட்க முடியாது. எடை போடும்போது கையால் எழுதும் சிட்டைகளைக் கம்பியில் குத்தி மாதவாரியாக மாட்டி வைக்கும் பழக்கம் மாமாவுக்கு உண்டு. ஈ எழுத்து ஊர்க்காரர்களின் சிட்டைகளை மட்டும் எடுத்துவைத்து, பில் எண்ணோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாகக் குறியைத் திருத்தினேன். இரண்டு முழு நாள் ஆனது. புதிய டேபிளில் கூடைக் குறி 'டெக்ஸ்ட்', அதன் மேல், ஒரே குறி இரண்டு பேருக்கு வராதபடி 'யுனீக்' கட்டுப்பாடு. கூட்டிக் கழிக்கவே போகாத எதுவும் எண் இல்லை என்பதை இப்போது உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். போன் நம்பர், பின்கோடு, வங்கிக் கணக்கு எண், கூடைக் குறி எல்லாமே எழுத்துதான்.

அடுத்தது பணம். பழைய டேபிளில் தொகைக்கு 'டெசிமல் 10,2' என்று எழுதியிருந்தேன். எஸ்கியூலைட் அந்த 10-ஐயும் 2-ஐயும் கண்டுகொள்வதே இல்லை. டைப் மறுபடியும் நியூமெரிக், உள்ளே உட்கார்ந்தது 64 பிட் ஃப்ளோட், அதாவது இரும முறையில் பெரும்பாலும் தோராயமாகவே நிற்கும் தசம எண். பைத்தான் பக்கமும் நான் ஃப்ளோட்டிலேயே கணக்குப் போட்டிருந்தேன். புதிய நிரலில் எல்லா பில்லையும் மறுபடி கணக்கிட்டு, பழைய தொகையோடு ஒப்பிட்டதில் சில பில்களில் ஒரு பைசா வித்தியாசம் வந்தது.

கால் கிலோ பூ, கிலோ 107 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை 26.75. நூற்றுக்குப் பத்து கமிஷன் என்றால் 2.675, அதை இரண்டு இலக்கத்துக்குச் சுருக்க வேண்டும். பில் போடும் திரையில் 26.75-ஐ 0.1-ஆல் பெருக்கியிருந்தேன். மாதக் கணக்கில் 10-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்திருந்தேன். பள்ளிக்கூடக் கணக்கில் இரண்டும் ஒன்று. ஃப்ளோட்டில் 0.1 என்பது இரும எண்ணில் முடிவில்லாமல் போகும் பின்னம், அதனால் உள்ளே இருப்பது 0.1-ஐவிடத் துளி பெரிய ஓர் எண். அதனால் பெருக்கினால் 2.6750000000000003 வருகிறது, சுருக்கினால் 2.68. இன்னொரு வழியில் 267.5-ஐ 100-ஆல் வகுத்தால் 2.675-க்கு மிக அருகில் இருக்கும் ஃப்ளோட் வருகிறது. அது 2.675-ஐவிடத் துளி சிறியது, சுருக்கினால் 2.67. ஒரே பில், ஒரே கமிஷன், ஒரே மென்பொருளில் இரண்டு விடை.

எனவே, தசம எண்ணை எழுதியபடியே வைத்துக்கொள்ளும் பைத்தானின் டெசிமல் வகைக்கு மாறினேன். போஸ்ட்கிரெஸின் நியூமெரிக் டைப்பை, பைத்தானையும் போஸ்ட்கிரெஸையும் இணைக்கும் சைகாப்ஜி டிரைவர் தானாகவே டெசிமலாக மாற்றித் தரும், டெசிமலை அனுப்பினால் அப்படியே நியூமெரிக்காக ஏற்றுக்கொள்ளும். அந்த எல்லையில் சிக்கல் இல்லை. டெசிமலை எதிலிருந்து உருவாக்குகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். ஃப்ளோட்டான 0.1-ஐ நேரடியாக டெசிமலுக்குக் கொடுத்தால் 0.1000000000000000055511 என்று வால் நீண்டு வரும். அழுக்கும் சேர்ந்தே உள்ளே போகிறது. எழுத்தாக '0.1' என்று கொடுத்தால் 0.1 மட்டும். தராசு எடையை எழுத்தாகத்தான் அனுப்புகிறது. முன்பு அதை ஃப்ளோட்டாக்கிக்கொண்டிருந்தேன், இப்போது அந்த எழுத்திலிருந்து நேராக டெசிமல். பழைய கோப்பில் ஃப்ளோட்டாகவே கிடக்கும் தொகைகளை முதலில் எழுத்தாக மாற்றி, அப்புறம் டெசிமல் ஆக்கினேன். பைத்தான் ஒரு ஃப்ளோட்டை எழுத்தாக்கும்போது, அதே ஃப்ளோட்டுக்குத் திரும்பக்கூடிய மிகக் குறுகிய வடிவத்தைத் தருகிறது. அதனால் 26.75 என்று தட்டியது 26.75 என்றே திரும்பி வந்தது.

இங்கே இன்னொரு பள்ளம் இருந்தது. 650 கிராம் சம்பங்கி, கிலோ 41 ரூபாய், மொத்தம் 26.65. கமிஷன் 2.665. இப்போது எண் துல்லியமாக நடுவில் நிற்கிறது, ஃப்ளோட்டின் அழுக்கு இல்லை. பைத்தான் டெசிமல் வழக்கமாக இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் சாயும், விடை 2.66. போஸ்ட்கிரெஸ் நியூமெரிக், பூஜ்யத்தைவிட்டு விலகும் பக்கம் சாயும், விடை 2.67. பைத்தானில் சுருக்குகிறோமா போஸ்ட்கிரெஸில் சுருக்குகிறோமா என்பதைப் பொறுத்து மறுபடியும் ஒரு பைசா வித்தியாசம்.

இதை நான் முடிவு செய்யக் கூடாது என்று தோன்றியது. மாமாவிடம் கேட்டேன். 'மாப்ள, கமிஷன் நாம எடுக்கிற காசு. அரைக் காசு வந்தா அது வெவசாயிக்குத்தான்' என்றார். அதன்படி கமிஷன் நடுவில் நின்றால் கீழ்ப்பக்கம் சுருங்க வேண்டும். டெசிமலில் அதற்குத் தனி முறை இருக்கிறது, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு ஒரே ஒரு ஃபங்ஷனில் எழுதினேன். டேட்டாபேஸ் பக்கம் சுருக்கவே கூடாது என்பதும் முக்கியம். 'நியூமெரிக் 12,2' என்ற நெடுவரிசைக்கு 2.665-ஐ அனுப்பினால் போஸ்ட்கிரெஸ் பிழை சொல்லாது, தன் வழக்கப்படி 2.67 ஆக்கி வைத்துக்கொள்ளும். அதனால் இலக்க எண்ணிக்கை சொல்லாத நியூமெரிக்கின் மேல் ஒரு டொமைன் (நம் விதி சேர்த்த சொந்த டைப்) உருவாக்கி, தசம இலக்கம் இரண்டுக்கு மேல் இருந்தால் ஏற்காதே என்று 'செக்' போட்டேன். சுருக்காத தொகை ஏதாவது தப்பி வந்தால் இப்போது சத்தமாக விழுகிறது. பைசாவை முழு எண்ணாக வைத்துக்கொள்ளும் வழியும் நல்ல வழிதான். எடை மூன்று இலக்கம், விலை இரண்டு இலக்கம் என்று இருக்கும்போது இடைக்கணக்கில் ஒவ்வொரு முறையும் எத்தனை பூஜ்யம் என்று மனதில் வைத்திருக்க வேண்டியிருந்ததால் அதை விட்டேன்.

நேரம். இரண்டாவது வாரம் புதிய திரையை மாமாவிடம் காட்டினேன். பில் பட்டியலைப் பார்த்தவர், 'பத்து மணிக்கெல்லாம் கடையக் கட்டிருவோமே மாப்ள, மத்தியானம் ஒரு மணிக்கு ஏது பில்லு?' என்றார். காலை 7:30 மணி பில் 1 மணிக்கு நின்றது. சரியாக ஐந்தரை மணி நேரம்.

மென்பொருளின் முதல் பதிப்பில் நேரத்தை எஸ்கியூலைட்டே நிரப்பட்டும் என்று விட்டிருந்தேன். அதன் 'கரன்ட் டைம்ஸ்டாம்ப்' எப்போதும் யூடிசி என்ற உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அதனால் அறிக்கையில் 5:30 கூட்டிக்கொண்டேன். பின்னால் ஒரு பதிப்பில் பைத்தானிலேயே நேரத்தை எடுத்து அனுப்ப ஆரம்பித்தேன், அது இந்திய நேரம். அறிக்கையில் கூட்டுவதை எடுக்க மறந்துவிட்டேன். அறிக்கையில் தேதி மட்டும்தான் அச்சாகும். விடியற்காலை 3 மணியோடு ஐந்தரை கூட்டினால் காலை 8:30, தேதி அதேதான். மாலை ஆறரைக்கு மேல் பில் போட்டிருந்தால் அடுத்த நாளாகியிருக்கும், நாங்கள் அந்த நேரத்தில் பில் போடுவதில்லை. அதனால் இரண்டு வகை நேரமும் ஒரே நெடுவரிசையில், எந்த நேர மண்டலம் என்ற குறிப்பே இல்லாத எழுத்தாக, வருடக்கணக்கில் கலந்து கிடந்தன.

பிரித்தெடுக்க ஒரு தடயம் கிடைத்தது. எஸ்கியூலைட் எழுதும் நேரம் விநாடியோடு முடியும். பைத்தான் அனுப்பியது விநாடிக்குப் பின் ஆறு இலக்கம் நுண்விநாடியும் சேர்ந்து வரும். புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, பில் எண் வரிசையில் அடுக்கினால், ஒரே இடத்தில் கோடு கிழித்ததுபோல் பிரிந்தது. கோட்டுக்கு மேலே யூடிசி, கீழே இந்திய நேரம். ஒவ்வொன்றுக்கும் உரிய மண்டலத்தை ஒட்டி, போஸ்ட்கிரெஸின் 'டைம்ஸ்டாம்ப் வித் டைம்ஸோன்' நெடுவரிசையில் ஏற்றினேன்.

அந்தப் பெயரை நம்பி நான் ஒரு தவறு செய்தேன். அது மண்டலத்தைச் சேமித்து வைப்பதில்லை. வந்ததை யூடிசியாக மாற்றி வைத்துக்கொண்டு, கேட்கும்போது அந்த இணைப்பின் மண்டலத்துக்கு மாற்றித் தருகிறது. எங்கள் சர்வரின் மண்டலம் யூடிசி. 15-ஆம் தேதி விடியற்காலை 3:40 பில் பைத்தானுக்கு 14-ஆம் தேதி இரவு 10:10 என்று வந்தது. தருணம் சரி, அதிலிருந்து தேதியை மட்டும் பிரித்தால் முந்தின நாள். மதியம் வியாபாரம் செய்கிற கடைக்கு இது வருடக்கணக்கில் தெரியாமலே போகலாம். பூ மார்க்கெட்டில் பாதி வியாபாரம் ஐந்தரைக்குள் முடிந்துவிடும், நாள் கணக்கு நடுவில் கிழிந்துபோகும். இணைப்பைத் திறந்ததும் மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று அமைக்கிறேன். அதோடு 'கடைத் தேதி' என்று தனியாக ஒரு தேதி நெடுவரிசையும் வைத்தேன். பில் எந்தத் தருணத்தில் போடப்பட்டது என்பது வேறு, எந்த நாள் கணக்கில் சேருகிறது என்பது வேறு. கடையின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் நேர மண்டலங்களைக் கையாளும் பைத்தானின் ஸோன்இன்ஃபோ மாட்யூல் மண்டலத்தைக் கண்டுபிடிக்கவில்லை. விண்டோஸில் அந்தத் தகவல்தொகுப்பு கிடையாது, டிஇசட்டேட்டா என்ற பொதியைத் தனியாக நிறுவியதும் சரியானது. பைத்தானின் எஸ்கியூலைட் மாட்யூலில் தேதிகளைத் தானாக மாற்றித்தந்த பழைய வசதியும் 3.12 பதிப்பிலிருந்து கைவிடப்படும் பட்டியலில் இருக்கிறது. அந்த மாற்றத்தை நாமே எழுதுவதுதான் நல்லது.

ஊர்ப் பெயர்களில் 'நிலக்கோட்டை' இரண்டு முறை வந்தது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பைத்தானில் நீளம் கேட்டால் ஒன்று 11, மற்றொன்று 12. 'கோ'வில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் வரும் ஏகாரக் குறி, பின்னால் வரும் கால் என்று இரண்டாகவும் எழுதலாம். ஒரு வகை கடைக் கம்ப்யூட்டரிலிருந்து, இன்னொன்று வேறு இடத்தில் தட்டி ஒட்டிய பட்டியலிலிருந்து வந்திருந்தது. இரண்டு பக்கமும் எழுத்து டைப்தான், மாற்றமே தேவையில்லை என்று நினைத்திருந்த இடம் இது. தமிழில் எழுதுகிற நமக்கு இங்கும் ஒரு மாற்றம் தேவை. உள்ளே போகும் எல்லாப் பெயரையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்து அனுப்புகிறேன். போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து, எழுத்து அந்த வடிவத்தில் இருக்கிறதா என்று 'செக்' போடவும் முடிகிறது. ஒரு பெயருக்கு இரண்டு கணக்கு என்ற சிக்கல் தீர்ந்தது.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. 'பட்டுவாடா ஆகிவிட்டதா' என்ற நெடுவரிசையில் 0, 1, ஆங்கிலத்தில் 'ஃபால்ஸ்' என்ற எழுத்து, வெற்று எழுத்து எல்லாம் கலந்திருந்தன. எதையும் உண்மை அல்லது பொய் ஆக்கும் பைத்தானின் பூல் ஃபங்ஷனைப் போட்டு மாற்றக் கூடாது. வெறுமையாக இல்லாத எந்த எழுத்தும், 'ஃபால்ஸ்' என்ற எழுத்தும்கூட, அதற்கு உண்மைதான். எது எதுவாக மாற வேண்டும் என்று ஒரு அகராதி எழுதி, அதில் இல்லாதது வந்தால் நின்றுவிடச் செய்தேன். விலை இன்னும் முடிவாகாத பூவுக்கு வெற்று எழுத்து இருந்தது, அது நல் ஆனது. விலை தெரியாத பூவும் விலை பூஜ்யமான பூவும் ஒன்றல்ல. திரைக்கு ஜேசன் என்ற தகவல் வடிவத்தில் அனுப்பும்போது டெசிமலை ஏற்க மாட்டேன் என்று பைத்தான் நின்றது. ஃப்ளோட்டாக்கினால் போய்விடும் என்று கை போனது, நிறுத்திக்கொண்டு எழுத்தாக அனுப்பினேன்.

இந்த மாற்றங்கள் எல்லாம் இப்போது ஒரே கோப்பில் இருக்கின்றன. வேறெங்கும் மாற்றம் கிடையாது. அதற்கு ஒரு சோதனையும் எழுதினேன். விளிம்பு மதிப்புகளைப் போஸ்ட்கிரெஸில் எழுதி, திரும்பப் படித்து, மதிப்பும் டைப்பும் அதேதானா என்று பார்க்கும். 1ஈ3, 10ஈ2, 012, 2.665, விடியற்காலை 3:40, இரண்டு விதமான நிலக்கோட்டை, விலை இல்லாத பூ. எல்லாம் கடையிலிருந்தே வந்தவை.

மாறிய அன்று விடியற்காலை நானும் கடையில் இருந்தேன். இரண்டு தராசிலும் பில் போட்டார்கள். கடை கட்டியதும் சிட்டைகளைக் கூட்டிப் பார்த்தோம், நாள் மொத்தம் பைசா வரை ஒத்துவந்தது. அப்புறம் மாமா 10ஈ2 விவசாயிக்குப் போன் செய்து, 'நாலு நாள் பூவுக்கு உங்க பாக்கி நிக்குது, தப்பு எங்க மேலதான், வந்து வாங்கிக்கங்க' என்றார். முதலாமவர் கணக்கில் அந்தப் பணம் ஏற்கெனவே பட்டுவாடா ஆகியிருந்தது. அவரிடம் திருப்பிக் கேட்கலாமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அந்தத் தொகையைக் கடைச் செலவில் எழுதச் சொன்னார். புதிய டேட்டாபேஸில் நான் கையால் ஏற்றிய முதல் வரி அதுதான்.